காய்கறி விதையும் கடைப் பொட்டலமும்

ஆடி பிறந்து ஒரு நல்ல மழை பெய்துவிட்டால், நம் ஊர்க் கடைத்தெருக்களில், உரக்கடை வாசலிலும், நாட்டு மருந்துக் கடையின் முகப்பிலும், சில இடங்களில் பூ விற்பவளின் கூடைக்கு அருகிலுங்கூட, வண்ணப்படம் அச்சிட்ட சிறு சிறு விதைப் பொட்டலங்கள் கம்பியில் கோத்துத் தொங்கத் தொடங்குகின்றன. கொல்லையில் நாலு கத்தரிச் செடியும், வேலியோரத்தில் ஒரு புடலங்கொடியும், மாடியில் மண் நிரப்பிய பைகளில் கொஞ்சம் கீரையும் வைக்க ஆசைப்படுகிறவர்கள், அவற்றுள் தமக்குப் பிடித்த படங்களைப் பார்த்து நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். விலை சொற்பம், ஆகையால் யாரும் பேரம் பேசுவதில்லை, கேள்வி கேட்பதுமில்லை. ஆனால் சற்று நின்று யோசித்தால், வாங்குகிறவனுடைய கண்ணைக் கட்டிவிட்டு விற்கப்படும் சரக்கு கடைத்தெருவில் இதைப்போல் வேறொன்று இல்லை என்பது விளங்கும். கத்தரிக்காய் வாங்குகிறவன் காம்பைத் திருப்பிப் புழுத்துளை இருக்கிறதா என்று பார்க்கிறான். வெண்டைக்காய் வாங்குகிறவள் நுனியை ஒடித்துப் பார்க்கிறாள். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்காமல் வாங்குகிறவர் நம்மில் எத்தனை பேர்?

விதையின் விஷயத்தில் இத்தகைய பரீட்சை ஒன்றும் இல்லை. உயிருள்ள மிளகாய் விதையும் உயிர் அடங்கிப்போன மிளகாய் விதையும் ஒரே வெளிர்மஞ்சள் வில்லைகளாகத்தான் கண்ணுக்குப் படுகின்றன. வரிக்கத்தரியின் விதைக்கும் பச்சைக் கத்தரியின் விதைக்கும் உள்ள பேதத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிட யாராலும் இயலாது. விதைத்து, நாற்றாக்கி, பிடுங்கி நட்டு, பூவும் பிஞ்சும் கண்ட பிறகே உண்மை வெளிப்படுகிறது. அதற்குள் பருவம் கடந்துவிடுகிறது, பொட்டலக் காகிதம் குப்பைக்குப் போய்விடுகிறது, கடைக்காரனிடம் சென்று கேட்பதற்குக் கையில் சாட்சியம் எதுவும் இல்லாமற் போகிறது. ஆகவே, விதை எவ்வாறு தெரிந்தெடுக்கப்படுகிறது, எவ்வாறு கட்டப்பட்டுக் கடைக்கு வருகிறது என்பதை ஏதோ தொழில் ரகசியம் என்று நாம் ஒதுக்கிவிடுவது சரியன்று. என்னுடைய அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதையைத் தெரிந்தெடுப்பதில் இந்நாடு நெடுந்தூரம் முன்னேறியிருக்கிறது. அதைப் பொட்டலத்தில் இட்டு வீட்டுத் தோட்டக்காரனுடைய கையில் சேர்ப்பதில், அந்த முன்னேற்றத்தின் பலனில் பெரும்பங்கைக் கடைவாசல் வெயிலிலேயே காயவிட்டு அழித்துக்கொண்டிருக்கிறோம்.

நம் கிராமங்களில் காய்கறி விதை எடுத்துவைப்பது பெரும்பாலும் பெண்களின் காரியமாகவே இருந்துவந்தது. கொடியில் நன்றாகத் திரண்ட சுரைக்காய் ஒன்றைப் பறிக்காமல், அது விதைக்காக விடப்பட்டது என்று வீட்டிலுள்ள யாவரும் அறியும்படி அதன் காம்பில் ஒரு கந்தல் துணியைக் கட்டிவைப்பார்கள். பீர்க்கு முற்றிக் கூடாகிக் கொடியிலேயே உலரும். அதைக் காம்போடு அறுத்து அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிடுவார்கள். கத்தரியைப் பழுக்கவிட்டு விதையைப் பிசைந்தெடுத்துச் சாம்பலில் புரட்டி வைப்பதும், பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பி வைப்பதும், துவரைக்கும் மொச்சைக்கும் செம்மண் கட்டிக் காயவைப்பதும் வழக்கத்தில் இருந்த முறைகள். சாம்பலும் புகையும் வண்டை விரட்டின; உலர்ந்த சாணம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. அம்மன் திருவிழாவுக்கு வீடுதோறும் முளைப்பாரி வளர்த்துத் தலையில் சுமந்து செல்லும் சம்பிரதாயத்தில், சேமித்துவைத்த தானியத்தின் முளைப்பைப் பருவத்துக்கு முன்னமே ஊரறியச் சோதித்துவிடும் ஏற்பாடும் அடங்கியிருக்கிறது என்று பலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இவ்வளவு சொன்னபின், அந்த முறையில் இருந்த இரண்டு குறைகளையும் சொல்லத்தான் வேண்டும்; பழமை என்ற காரணத்துக்காக அதைப் பூஜிக்கும் வழக்கம் இப்போது பெருகிவருவதால் இதைச் சொல்வது அவசியமாகிறது. முதலாவது, நம்மவர்கள் காயைப் பார்த்து விதை எடுத்தார்களேயன்றிச் செடியைப் பார்த்து எடுத்தவர்கள் குறைவு. பெரிய காய் ஒன்று காய்த்த செடி, அந்த ஒன்றைத் தவிர வேறு காய் காய்க்காத செடியாகவும் இருக்கலாம். எருக்குழிக்குப் பக்கத்தில் நின்ற பாக்கியத்தால் மட்டும் செழித்த செடியாகவும் இருக்கலாம். பிரான்ஸ் தேசத்தில் தலைமுறை தலைமுறையாக விதை வியாபாரம் செய்துவந்த வில்மோரின் குடும்பத்தைச் சேர்ந்த லூயி த வில்மோரின் என்பவர், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சர்க்கரை பீட்கிழங்கை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு தாய்ச்செடியின் விதையையும் தனித்தனியே விதைத்து, அதன் சந்ததி எப்படி இருக்கிறது என்று பார்த்து, அதைக் கொண்டே தாயின் தகுதியை நிர்ணயிக்க வேண்டும் என்று கண்டார். இன்று விதைப்பண்ணைகளில் நடைபெறும் தேர்வுக்கெல்லாம் இந்தத் தத்துவமே ஆதாரம்.

இரண்டாவது குறை மகரந்தத்தைப் பற்றியது. சுரை, பீர்க்கு, புடல், பாகல், பூசணி ஆகிய கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. வண்டும் தேனீயும் வந்து மகரந்தத்தைக் கொண்டுசேர்த்தால்தான் பிஞ்சு நிற்கும். அந்தத் தேனீ வேலியைக் கண்டு நிற்பதில்லை. அடுத்த வீட்டுக் குட்டைச் சுரையின் மகரந்தம் நம் வீட்டு நீளச் சுரையில் படிந்தால், இந்த வருஷத்துக் காயில் ஒரு மாறுதலும் தெரியாது. துணி கட்டிக் காப்பாற்றிய அந்தக் காயின் விதையை அடுத்த வருஷம் ஊன்றும்போதுதான் இரண்டும்கெட்டான் காய்கள் தொங்கும். இதனால்தான் விதைக்காகப் பயிரிடும் நிலத்துக்குப் ‘பயிர் விலகு தூரம்’ என்ற ஒரு நிபந்தனையை விதைச்சான்றுத் துறை வைத்திருக்கிறது. பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்க்கும் தக்காளியின் சான்று விதைக்கு 25 மீட்டர் போதும். அயல் மகரந்தத்துக்கு ஓரளவு இடங்கொடுக்கும் வெண்டைக்கும் மிளகாய்க்கும் 200 மீட்டர். கொடிக்காய்களுக்கோ 500 மீட்டர். ஐந்நூறு மீட்டர் சுற்றளவில் வேறு சுரைக்கொடி இல்லாத கொல்லை நம் ஊர்களில் யாருக்கு வாய்க்கும்? மலரப்போகும் பெண் மொக்கை முதல்நாள் மாலையில் காகித உறையால் மூடி, மறுநாள் நாமே ஆண் பூவை ஒடித்துவந்து தொட்டுவைத்து, மீண்டும் மூடிக் கட்டினால் அதற்குப் பரிகாரம் உண்டு. பொறுமை உள்ளவர்கள் செய்து பார்க்கலாம்.

விதைப்பண்ணையில் நடைபெறும் காரியங்களில் மிகவும் கடினமானது கலவன் எடுப்பது. விதையானது பயிர்ப் பெருக்க விஞ்ஞானியின் நேர்ப் பார்வையில் உண்டான வல்லுநர் விதை, அதிலிருந்து பெருக்கிய ஆதார விதை, அதிலிருந்து பெருக்கிய சான்று விதை என்று படிப்படியாக இறங்கி வருகிறது. வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. ஒவ்வொரு படியிலும், செடி சிறிதாக இருக்கும்போது ஒருமுறை, பூக்கும்போது ஒருமுறை, காய்க்கும்போது ஒருமுறை என்று வயலில் இறங்கி நடந்து, இலை நிறத்திலோ தண்டின் மயிரிலோ காயின் பள்ளத்திலோ தன் ஜாதிக்கு மாறாக நிற்கும் ஒவ்வொரு செடியையும், நோய் கண்ட ஒவ்வொரு செடியையும், அது எவ்வளவு செழிப்பாகக் காய்த்திருந்தாலும் இரக்கமின்றிப் பிடுங்கி எறிய வேண்டும். காய்க்கும் செடியைப் பிடுங்க உழவனுடைய மனம் இலேசில் இணங்காது. இந்த மனத்தடையை வென்றவனே நல்ல விதை உற்பத்தியாளன் என்று அத்துறையில் பழகியவர்கள் சொல்வதுண்டு.

வெண்டையின் சரித்திரம் இதற்கு ஒரு நல்ல உதாரணம். இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிக் காய் வெளிறிச் சூம்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வெண்டையை அழித்துக்கொண்டிருந்த காலத்தில், டெல்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், அந்நோயைத் தாங்கி நிற்கும் ‘பூசா சாவனி’ என்ற ரகத்தை 1960ஆம் ஆண்டை ஒட்டி வெளியிட்டது. மராட்டியத்தின் ஜால்னா என்ற சிற்றூரில் விவசாயம் செய்துவந்த பத்ரிநாராயண் பார்வாலே இந்த வெண்டையைப் பயிரிட்டு, அதன் விதையைப் பக்கத்து உழவர்களுக்கு விற்கத் தொடங்கினார். அந்தச் சிறு வியாபாரம் 1964இல் ஒரு கம்பெனியாகி, 1998இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைக்கும் அளவுக்கு வளர்ந்தது. ஆனால் பூசா சாவனியின் நோய் தாங்கும் சக்தி நாளடைவில் குன்றிவிட்டது. வேறு ரகங்கள் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒரு ரகத்தின் புகழ் அதன் குணம் போன பின்பும் கடைத்தெருவில் நெடுங்காலம் உயிர்வாழும் என்பதை வாங்குகிறவர்கள் நினைவில் வைப்பது நல்லது. நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய ஆச்சரியங்கள் உண்டு. போத்து வெட்டி நட்டே வளர்த்துவந்த முருங்கையை, விதை ஊன்றி ஒரு வருஷத்துக்குள் காய் பறிக்கும் பயிராக மாற்றிய ‘பி.கே.எம். 1’ என்ற ரகம், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989இல் வெளிவந்தது. அதன் பிறகு முருங்கையும் பொட்டலத்துக்குள் புகுந்துகொண்டது.

வீரிய ஒட்டு விதையின் கதை தனி. தக்காளியில் அது உண்டாகும் விதத்தை நேரில் கண்டவர்கள் அதன் விலையைக் குறைகூறத் தயங்குவார்கள். மாலை வேளையில், மறுநாள் மலர வேண்டிய மொக்கைச் சிறு இடுக்கியால் திறந்து, சூலகத்துக்குச் சேதம் வராமல் மகரந்தப் பைகளை மட்டும் உருவி எறிந்துவிட வேண்டும். மறுநாள் காலையில் தந்தை ரகத்தின் மகரந்தத்தை எடுத்துவந்து சூல்முடியில் தடவ வேண்டும். இவ்வாறு கலந்த காய் எது, தானாகக் காய்த்த காய் எது என்று பழுக்கும் காலத்தில் தெரிவதற்காக, புல்லிவட்டத்தின் இதழ் ஒன்றிரண்டை அப்போதே கிள்ளி அடையாளம் வைக்க வேண்டும். கர்நாடகத்தின் ராணிபென்னூர்ப் பக்கத்தில் ஏராளமான குடும்பங்கள் இந்தத் தொழிலால் ஜீவிக்கின்றன. பூவைத் திறக்கும் விரல்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. இத்தனை பாடுபட்டு உண்டான விதை முதல் தலைமுறையில் செழிப்பாகக் காய்க்கும். அதன் பழத்திலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தால் சந்ததி சிதறிப்போகும். வீட்டுத் தோட்டக்காரன் அறிந்திருக்க வேண்டிய முதல் செய்தி இதுதான். ஆயினும் பொட்டலத்தின் முன்புறத்தில் பழத்தின் படத்துக்குக் கொடுக்கும் இடத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட இந்தச் செய்திக்கு ஒதுக்காமல், பின்புறத்து மூலையில் ஆங்கிலத்தில் இரண்டெழுத்துச் சுருக்கமாக அச்சிட்டுவிடுகிறார்கள்.

இனிக் காயிலிருந்து விதையைப் பிரிக்கும் காரியத்தைச் சொல்ல வேண்டும். இங்கே ஒவ்வொரு காய்க்கும் ஒவ்வொரு நியாயம். வெண்டைக்காய் செடியிலேயே முற்றிப் பழுப்பேறி, விளிம்புகளில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றும் தருணத்தில் பறிக்க வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் விதை தரையில் சிதறிவிடும். தக்காளி விதையைச் சுற்றி வழுவழுப்பான ஒரு சவ்வு இருக்கிறது. பழத்துக்குள் இருக்கும்போதே விதை முளைத்துவிடாமல் காப்பது அது. பழத்தைப் பிசைந்து ஓரிரண்டு நாள் புளிக்கவைத்தால் அந்தச் சவ்வு கரையும். அவசரமுள்ளவர்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொஞ்சம் கலந்து அரைமணி நேரத்தில் அதே காரியத்தை முடிக்கிறார்கள். அமிலத்தில் எடுத்த விதை பளபளவென்று பொன்னிறமாக இருக்கும். புளிக்கவைத்து எடுத்தது சற்று மங்கல். நிறத்தைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. அமிலத்தைச் சரியாகக் கழுவாவிட்டால் பளபளப்போடு உயிரும் போய்விடும். கத்தரி விதையை நீரிலிட்டு அலசும்போது மூழ்குவது விதை, மிதப்பது சாவி. பிறகு நிழலிலும் இளவெயிலிலுமாக உலர்த்தி, சல்லடையிட்டு, பெரிதாயினும் கனமற்றதை விலக்குவதற்காகக் காற்றிலும் சாய்மேசையிலும் பிரித்து, கடைசியில் பூஞ்சாணக்கொல்லி மருந்தைப் பூசுகிறார்கள். பொட்டலத்தைத் திறந்தால் தென்படும் இளஞ்சிவப்பும் பச்சையும் அந்த மருந்தோடு சேர்த்த சாயம். அடுப்பங்கரைக்கு அந்த விதை போகலாகாது என்பதற்கான எச்சரிக்கை.

அதன் பிறகு பரிசோதனை. ஜெர்மனியில் சாக்ஸனி ராஜ்யத்தைச் சேர்ந்த தாரண்ட் என்ற ஊரில், ஃபிரெட்ரிக் நோபே என்ற பேராசிரியர் 1869இல் உலகத்தின் முதல் விதைப் பரிசோதனை நிலையத்தைத் தொடங்கியபோது, கடைத்தெருவின் யோக்கியதை எவ்வாறிருந்தது என்றால், க்ளோவர் என்னும் தீவனப் பயிரின் விதையோடு, அதே அளவுக்குச் சலித்துச் சாயமேற்றிய கற்பொடியைக் கலந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அதே வருஷம் இங்கிலாந்து விதைக் கலப்படத்தைத் தடுக்க ஒரு சட்டம் செய்தது; அதில் விதையைக் கொல்வது ஒரு தனிக் குற்றமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. விதையை எதற்காகக் கொல்ல வேண்டும் என்று கேட்டால், மலிவான கடுகு இனத்து விதையை விலையுயர்ந்த டர்னிப் விதையோடு கலக்கும்போது, அது முளைத்தால் கள்ளத்தனம் வெளிப்பட்டுவிடும். முளைக்காவிட்டால், மண்ணின் மேலோ மழையின் மேலோ பழியைப் போட்டுவிடலாம். வியாபாரிகளின் புத்தி இவ்வளவு சூட்சுமமாக வேலை செய்த காலத்தில் பிறந்ததுதான், இன்றும் ஈரத்தாளில் நூறு நூறாக நானூறு விதையை வைத்து, தக்காளியானால் 14 நாள், வெண்டையானால் 21 நாள் காத்திருந்து, நல்ல நாற்றுகளை எண்ணிச் சதவீதம் சொல்லும் முறை. நம் நாட்டில் கத்தரிக்கும் தக்காளிக்கும் 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் கொடிக்காய்களுக்கும் 60 என்று முளைப்புத்திறனின் கீழெல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. மிளகாய் விதையில் நூற்றுக்கு நாற்பது முளைக்காமற் போவது சட்டத்துக்கு உட்பட்டதே என்பதை அறியாமல் தம் கைராசியை நொந்துகொள்ளும் தோட்டக்காரர்கள் பலர்.

ஆனால் அந்தச் சதவீதம் சோதனை நடந்த நாளின் சதவீதம். விதை உயிருள்ள பொருள். பொட்டலத்துக்குள் அது மூச்சுவிட்டுக்கொண்டேயிருக்கிறது. வெப்பமும் ஈரமும் ஏற ஏற அதன் மூச்சு வேகமாகி ஆயுள் தேய்கிறது. ஹாரிங்டன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதற்கு எளிய கணக்கு ஒன்று சொல்லியிருக்கிறார்: விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறையுந்தோறும் அதன் ஆயுள் இரட்டிக்கிறது, வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை குறையுந்தோறும் மறுபடியும் இரட்டிக்கிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். 8 சதவீத ஈரத்தோடு 25 பாகை வெப்பமுள்ள கிடங்கில் இருந்த விதை, தகரக் கூரை போட்ட கடையில் 35 பாகையில் தொங்கி, மழைக்காலக் காற்றை உறிஞ்சி 10 சதவீத ஈரம் ஏறினால், அதன் ஆயுள் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிப்போகும். வல்லுநர் விதையிலிருந்து கலவன் எடுத்து, விலகு தூரம் காத்து, அலசி, சலித்து, சோதித்து வந்த அத்தனை சிரத்தையும் சில மாதங்களில் வீணாகிறது.

இதனாலேயே, காற்றும் ஈரமும் புகும் துணிப்பையிலோ காகிதத்திலோ கட்டினால் கத்தரி, தக்காளி, மிளகாய் விதைகளின் ஈரம் 8 சதவீதம் வரை இருக்கலாம் என்றும், ஆவி புகாத உறையிலோ டப்பாவிலோ அடைப்பதானால் 6 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்றும் விதிகள் பேதம் காட்டுகின்றன. அடைபட்ட உறைக்குள் ஈரம் மிகுந்திருந்தால் விதை தன் மூச்சாலேயே புழுங்கிச் சாகும். மெல்லிய அலுமினியத் தாள் ஒட்டிய உறையில், சரியாக உலர்த்திய விதையை இட்டுச் சூட்டினால் ஒட்டி மூடினால், சென்னை போன்ற கடற்கரைப் பட்டணத்திலும் அது தன் தவணை வரையில் கெடாமல் இருக்கும். இப்படிச் செய்கிற கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் அந்த உறையைக் கம்பியில் கோக்க மேல்விளிம்பில் துளை போடும்போது ஒட்டுக்கு உள்ளே துளை விழுந்துவிட்டால் என்ன ஆகும்? இன்னொரு புறம், பெரிய டப்பாவை வாங்கி உடைத்து, அரைக்கீரை, சிறுகீரை, கொத்தவரை என்று சிறு பாலிதீன் பைகளில் பிரித்துப்போட்டு, வாயை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்து விற்கும் பழக்கம் நாடெங்கும் இருக்கிறது. அவற்றில் குவியல் எண் இல்லை, சோதித்த தேதி இல்லை, சில பைகளில் பெயர்கூட இல்லை. டப்பாவில் இருந்த சத்தியமெல்லாம் டப்பாவோடு நின்றுவிடுகிறது.

அமெரிக்காவில் ஷேக்கர் என்ற பெயருடைய ஒரு மதக்கூட்டத்தார் இருந்தார்கள். பிரமசரியமும் பொதுவுடைமையும் பூண்டு வாழ்ந்த இவர்கள், நியூயார்க் மாகாணத்து நியூ லெபனான் முதலிய குடியிருப்புகளில் தோட்ட விதை உற்பத்தியைத் தொழிலாகக் கொண்டு, அச்சிட்ட சிறு காகித உறைகளில் விதையை இட்டு விற்பதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவச் செய்தார்கள். இன்றைய பொட்டலத்தின் மூதாதை என்று அந்த உறையைச் சொல்லலாம். வெளியாரிடம் விதை வாங்கித் தம் விதையோடு கலந்து விற்பதில்லை என்று 1819இல் அவர்களுடைய குடியிருப்புகள் சில கையொப்பமிட்டு உடன்படிக்கை செய்துகொண்டன. என்னை இன்னும் கவர்ந்தது அவர்களுடைய விற்பனை முறை. உறைகளை மரப்பெட்டிகளில் அடுக்கிப் பருவத்துக்கு முன்பு கடைகளில் வைத்துவிட்டுப் போவார்கள். பருவம் முடிந்ததும் வண்டியோட்டி வந்து, விற்ற பணத்தில் கடைக்காரனுக்குரிய கமிஷனைக் கழித்துக்கொண்டு, மிஞ்சிய உறைகளைத் திரும்ப எடுத்துச் சென்றுவிடுவார்கள். பழைய சரக்கு கடையிலேயே கிடந்து அடுத்த வருஷம் புதிய சரக்கோடு கலந்து விற்கப்படும் விபரீதத்துக்கு இதைவிடச் சுலபமான தடை எனக்குத் தெரியவில்லை.

நம்முடைய சட்டம் என்ன சொல்கிறது? 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம், அரசிதழில் அறிவிக்கப்பட்ட ரகங்களின் விதை குறைந்தபட்ச முளைப்பும் தூய்மையும் உடையதாகவும், அவ்விவரம் காட்டும் அட்டை பொருந்தியதாகவும் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. சான்று பெறாத விதைக்கு, விற்கிறவனே உண்மையைச் சொல்லிப் பொறுப்பேற்கும் ‘உண்மை நிலை விதை’ என்ற வெளிர்பச்சை அட்டை. 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணை, உரிமம் இல்லாமல் விதை விற்கக்கூடாது என்கிறது. குற்றம் நிரூபணமானால் 1966ஆம் ஆண்டுச் சட்டம் முதல்முறைக்கு விதித்த அபராதம் 500 ரூபாய் வரை. அந்தக் காலத்தில் அது ஒரு தொகைதான். அதை மாற்றி எழுதுவதற்காக 2004இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதா சட்டமாகாமலே போயிற்று. உழவனும் நுகர்வோனே, கெட்ட விதைக்காக நுகர்வோர் மன்றத்தில் அவன் நஷ்டஈடு கேட்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது பெரிய ஆறுதல். ஆனால் இருபது ரூபாய்க்குக் கீரை விதை வாங்கி முளைக்காமற் போனவர் மன்றப் படியேறுவார் என்று எதிர்பார்ப்பது பரிகாசமாகும். சட்டத்தின் கவனமெல்லாம் ஏக்கர் கணக்கில் விதைப்பவனை நோக்கியிருக்கிறது. அது நியாயந்தான், அவனுக்கு நேரும் நஷ்டம் குடும்பத்தையே சாய்த்துவிடும். ஆயினும் சிறு பொட்டலம் யாருடைய பார்வையிலும் படாமல் தப்பித்துக்கொள்வதற்கு அது காரணமாகிவிடக்கூடாது.

பொட்டலம் என்பது சட்டத்தின் கண்ணில் எவ்வளவு பெரிய பொருள் என்பதற்கு இன்னோர் அத்தாட்சியும் உண்டு. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைக்கூட உழவன் சேமிக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், விற்கவும் செய்யலாம் என்று தாராளமாக அனுமதிக்கிறது. உறையிலிட்டு, ரகத்தின் பெயரைக் காட்டி முத்திரையோடு விற்பதை மட்டும் தடுக்கிறது. தன் நிலத்தில் விளைந்ததைத் தன் வீட்டு வாசலிலேயே மற்றொருவனுக்கு விதைக்கக் கொடுப்பதை 1966ஆம் ஆண்டுச் சட்டமும் விலக்கிவைத்திருக்கிறது. அறிமுகமான கை கொடுக்கும்போது சட்டம் ஒதுங்கி நிற்கிறது. பெயர் எழுதிய உறை அறிமுகமில்லாத கைக்குப் போகும்போது குறுக்கே வருகிறது. இந்தப் பாகுபாடு விவேகமானது என்றே கருதுகிறேன். அப்படியானால் பெயர் எழுதிய உறை, எழுத வேண்டிய மற்ற விஷயங்களையும் எழுதித்தானே ஆக வேண்டும்?

நான் கேட்பது அதிகமில்லை. சோதித்த மாதமும் வருஷமும், முளைப்புச் சதவீதமும், ரகமா வீரிய ஒட்டா என்பதும், உள்ளேயிருக்கும் விதையின் எண்ணிக்கையும் பொட்டலத்தின் முன்புறத்தில், படத்துக்கு நிகரான அளவில், தமிழில் இருக்கட்டும். சான்று விதையின் தவணை சோதித்த நாளிலிருந்து 9 மாதம். அதன்பின் மறுபடி சோதித்துத் தேறினால் 6 மாதம் நீட்டலாம் என்ற விதி இருக்கிறது. அதே கெடுவைச் சிறு பொட்டலத்துக்கும் கண்டிப்பாக்கி, ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் முடிந்ததும் மிஞ்சியதைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ளச் செய்யலாம். விதை ஆய்வாளர்கள் உரக்கடை மூட்டையில் மாதிரி எடுப்பதுபோல் கம்பியில் தொங்கும் பொட்டலத்திலும் நாலைந்தை அவ்வப்போது அறுத்து எடுத்துப்போகலாம்.

இதற்கெல்லாம் செலவாகும், சிறு பொட்டலத்தின் விலை ஏறிவிடும் என்று விதை வியாபாரிகள் சொல்வார்கள். ஒரு கிராம் தக்காளி விதையில் முந்நூறுக்கு மேற்பட்ட விதைகள் இருக்கின்றன. கீரை விதையானால் ஆயிரத்தையும் தாண்டும். மாடித்தோட்டக்காரருக்கு வேண்டியது பத்துத் தக்காளிச் செடி. மீதியை அவர் பொட்டலத்தை மடித்து அலமாரியில் செருகிவைத்து, அடுத்த வருஷம் எடுத்து விதைத்து ஏமாந்துபோகிறார். முந்நூறுக்குப் பதில் முப்பது விதையைப் போட்டு, மிச்சமாகும் காசில் அலுமினிய உறையும் நல்ல அச்சும் தரலாம். விலையில் ஒரு காசும் கூட வேண்டியதில்லை.